வெளி மாநிலப் பல்கலைக்கழகம்: செலவுக்குத் தகுமா?

இன்றைய கலந்துரையாடலுக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு, பிள்ளையை வெளி மாநிலத்துக்கு அனுப்பிப் படிக்க வைப்பது செலவுக்குத் தகுமா என்பது. எஸ்.பி.எம்., எஸ்.டி.பி.எம். முடிவுகள் வந்ததும் சுங்கை சிப்புட்டிலும் பீடோரிலும் தெலுக் இந்தானிலும் நம் வீடுகளில் இந்தப் பேச்சுதான். கேட்பவர்கள் பெரும்பாலும் தோட்டத்தில் பிறந்து, தோட்டம் விற்கப்பட்டதும் தாமான் வீட்டுக்கோ மலிவு விலை வீட்டுக்கோ குடிபெயர்ந்த பெற்றோர்கள். பாதுகாவலர், லாரி ஓட்டுநர், தொழிற்சாலை ஊழியர், துப்புரவுப் பணியாளர் என்று உழைப்பவர்கள். அவர்களிடம் இருப்பது ஒரே ஒரு சேமிப்பு. அதைச் செலவழித்துவிட்டால் மறுபடி சேர்க்க வயது இல்லை. அதனால் இந்தக் கேள்வியை நான் இலேசாக எடுத்துக்கொள்ளவில்லை.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். நம்மவர்கள் 'வெளி மாநிலம்' என்று சொல்லும்போது இரண்டு விஷயங்களைச் சேர்த்தே நினைக்கிறார்கள். ஒன்று தூரம். மற்றொன்று கட்டணம். இவை இரண்டும் ஒன்றல்ல.

அமெரிக்காவில் இரண்டும் ஒன்றுதான். அங்கே ஒவ்வொரு மாநிலமும் தன் மக்களின் வரிப் பணத்தைக் கொண்டு பல்கலைக்கழகம் நடத்துகிறது. சொந்த மாநிலத்துப் பிள்ளைக்கு ஒரு கட்டணம், பக்கத்து மாநிலத்துப் பிள்ளைக்கு அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு. ஸ்காட்லாந்தில் அந்த மண்ணின் பிள்ளை கட்டணம் இல்லாமல் முதல் பட்டம் படிக்கலாம். இங்கிலாந்திலிருந்து வரும் பிள்ளை ஆயிரக்கணக்கான பவுன் கட்ட வேண்டும். மலேசியாவில் அப்படி இல்லை. நம் நாட்டின் 20 அரசாங்கப் பல்கலைக்கழகங்களும் மத்திய அரசாங்கத்தின் பணத்தில் நடப்பவை. பேராக்கில் பிறந்த பிள்ளை தஞ்சோங் மாலிமில் படித்தாலும் சபாவில் படித்தாலும், 'நீ வேறு மாநிலம்' என்று சொல்லி ஒரு காசுகூடக் கூடுதலாக வாங்க மாட்டார்கள்.

அப்படியானால் கட்டணம் எங்கே ஏறுகிறது? எந்தக் கதவு வழியாக உள்ளே போகிறோம் என்பதில்தான் ஏறுகிறது.

எந்தக் கதவு?

முதல் கதவு யூ.பி.யூ. எஸ்.டி.பி.எம்., மெட்ரிகுலேசன், அசாசி, டிப்ளோமா முடித்தவர்கள் இதன் வழியாக விண்ணப்பிக்கிறார்கள். 2002-ஆம் ஆண்டு முதல் தகுதி அடிப்படை முறை நடப்பில் இருக்கிறது. கல்வித் தேர்ச்சிக்கு 90 விழுக்காடு, புறப்பாட நடவடிக்கைக்கு 10 விழுக்காடு என்று மதிப்பெண் போடுகிறார்கள். இந்தக் கதவு வழியாகப் போகிறவரின் படிப்புச் செலவில் பெரும்பகுதியை அரசாங்கமே ஏற்றுக்கொள்கிறது. பல துறைகளில் ஒரு செமஸ்டருக்கு ஆயிரம் வெள்ளியை ஒட்டித்தான் கட்டணம் வரும்.

இரண்டாவது கதவு பலருக்குத் தெரியாது. மலாயாப் பல்கலைக்கழகம் உட்பட சில அரசாங்கப் பல்கலைக்கழகங்கள் நேரடியாகவும் மாணவர்களைச் சேர்க்கின்றன. மலாயாவில் இதனை 'சாத்து' என்கிறார்கள். 'சாலுரான் தெர்புக்கா', அதாவது திறந்த வழி. அதே வகுப்பு, அதே விரிவுரையாளர், கடைசியில் அதே பட்டம். ஆனால் அரசாங்க மானியம் இல்லாத கட்டணம். ஒரே பெஞ்சில் அமர்ந்திருக்கும் இருவரில் ஒருவர் ஆயிரங்களில் கட்டியிருப்பார், மற்றவர் பல பத்தாயிரங்களில் கட்டியிருப்பார். அமெரிக்காவின் இரட்டைக் கட்டணத்துக்கு நம் நாட்டில் நெருக்கமான ஒன்று உண்டென்றால் அது இதுதான். எஸ்.டி.பி.எம்.மில் முழுப் புள்ளி எடுத்தும் விரும்பிய துறை யூ.பி.யூ. வழியாகக் கிடைக்காத மாணவர்களைப் பற்றி 2025-இல் பெரிய விவாதம் எழுந்தபோது இந்த இரண்டாவது கதவைப் பற்றிய கேள்வியும் சேர்ந்தே எழுந்தது. 'மலாயாவில் இடம் கிடைத்துவிட்டது' என்று பிள்ளை ஓடி வந்து சொன்னால், வாழ்த்துச் சொல்லிவிட்டு, எந்த வழியில் கிடைத்தது என்பதையும் கேளுங்கள்.

மூன்றாவது கதவு தனியார். இதைத்தான் நாம் அதிகம் பேச வேண்டியிருக்கிறது.

ஊர் விட்டுப் போவது புதிதல்ல

படிப்புக்காகப் பேராக்கை விட்டுப் போவது நமக்குப் புதிய பழக்கம் அன்று. துன் வீ.தி. சம்பந்தன் சுங்கை சிப்புட்டில் பிறந்தவர். கோலகங்சார் கிளிஃபர்ட் பள்ளியில் படித்துவிட்டுக் கடல் கடந்து சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்குப் போனார். அந்தக் காலத்தில் மலாயாவில் பல்கலைக்கழகமே கிடையாது. மலாயாப் பல்கலைக்கழகம் 1949-இல் தொடங்கியதே சிங்கப்பூரில்தான். 1969-இல் பினாங்கில் யு.எஸ்.எம். வரும் வரைக்கும் தீபகற்பத்தில் இருந்தது ஒன்றே ஒன்று. பிறகு எழுபதுகளில் ஒதுக்கீட்டு முறை வந்ததும், வசதியுள்ள நம் குடும்பங்கள் சென்னைக்கும் மணிப்பாலுக்கும் பிள்ளைகளை அனுப்பின. வசதி இல்லாதவர்களும் தாலிக் கொடியைத் தவிர மற்ற நகையெல்லாம் அடகுக் கடையில் வைத்து அனுப்பினார்கள். டாக்டராகவும் வழக்கறிஞராகவும் திரும்பி வந்தவர்களைப் பார்த்துத்தான், 'எப்பாடுபட்டாவது வெளியே அனுப்பிவிட வேண்டும்' என்ற எண்ணம் நம்மிடம் ஊறிப் போனது.

அது தவறான எண்ணம் என்று நான் சொல்ல மாட்டேன். அன்றைக்கு வேறு வழி இல்லை. ஆனால் பேராக்கின் நிலைமை மாறிவிட்டது. 1922-இல் தஞ்சோங் மாலிமில் தொடங்கிய சுல்தான் இட்ரிஸ் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி 1997-இல் பல்கலைக்கழகம் ஆனது. அதே ஆண்டில் துரோனோ வட்டாரத்தில் பெட்ரோனாஸ் பல்கலைக்கழகம் வந்தது. அதே வளாகத்தில் இருந்த யு.எஸ்.எம். பொறியியல் பிரிவு 2001-இல் நிபோங் திபாலுக்கு இடம் மாறியது தனிக் கதை. 2007-இல் கம்பாரில் துங்கு அப்துல் ரஹ்மான் பல்கலைக்கழகம், அதாவது யூ.டி.ஏ.ஆர்., வளாகம் திறந்தது. நாட்டின் முதல் பாலிடெக்னிக்கான உங்கு ஓமார் 1969-இலேயே ஈப்போவில் வந்துவிட்டது. மெட்ரிகுலேசன் கல்லூரி கோப்பெங்கில் இருக்கிறது. எஸ்.பி.எம்.மில் 10ஏ-வும் அதற்கு மேலும் எடுத்த எல்லா இனப் பிள்ளைகளுக்கும் மெட்ரிகுலேசனில் இடம் உண்டு என்று 2024 ஜூன் மாதக் கடைசியில் பிரதமர் அறிவித்ததையும் நினைவில் வையுங்கள்.

தூரத்துக்கு அஞ்சி, கடனுக்கு அஞ்சாமல்

இப்போது என் மனத்தை உறுத்தும் ஒரு விஷயத்துக்கு வருகிறேன். நம் குடும்பங்கள் சில, யூ.பி.யூ. வழியாகக் கிடைத்த இடத்தை வேண்டாம் என்று ஒதுக்கிவிடுகின்றன. காரணம் கேட்டால், 'பெர்லிசில் போட்டுட்டாங்க', 'கிளந்தானாம்', 'சபாவாம், பிளேன் ஏறிப் போகணுமாம்' என்கிறார்கள். ஒதுக்கிவிட்டு ஈப்போவிலோ கிள்ளான் பள்ளத்தாக்கிலோ ஒரு தனியார் கல்லூரியில் சேர்க்கிறார்கள். பக்கத்தில் இருக்கிறதே என்ற நிம்மதி. தூரத்துக்கு அஞ்சுகிறோம், கடனுக்கு அஞ்சுவதில்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இவை எடுத்துக்காட்டுக்காக நான் போட்டுக்கொள்ளும் தொகைகள். உங்கள் பிள்ளைக்கு வந்த கடிதத்தில் இருக்கும் தொகையை அந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

சபாவில் நான்கு ஆண்டுப் படிப்பு. கட்டணமும் விடுதியும் சேர்ந்து மொத்தம் 10,000 வெள்ளி என்று வைப்போம். சாப்பாடு, கைச்செலவு மாதம் 600 வெள்ளி. ஆண்டுக்கு ஒன்பது மாதம் வளாகத்தில் இருந்தால் நான்கு ஆண்டுக்கு 21,600. ஆண்டுக்கு இரண்டு முறை ஊருக்கு வந்து போக, ஒரு முறைக்கு 600 வீதம் 4,800. ஆக மொத்தம் 36,400 வெள்ளி.

கோலாலம்பூர் பக்கம் தனியார் கல்லூரியில் மூன்று ஆண்டுப் படிப்பு. கட்டணம் 75,000 வெள்ளி. அறை வாடகை, சாப்பாடு, போக்குவரத்து எல்லாம் சேர்த்து மாதம் 1,000 வீதம் 36,000. ஆக மொத்தம் 1,11,000 வெள்ளி.

பிளேன் ஏறிப் போகிற படிப்பைவிட, ஈப்போவில் இ.டி.எஸ். ரயில் ஏறி இரண்டரை மணி நேரத்தில் போய்ச் சேருகிற படிப்பு 74,600 வெள்ளி அதிகம்.

இதில் பி.டி.பி.டி.என். கடன் எவ்வளவு தாங்கும் என்று பாருங்கள். சபாவுக்குப் போகிற பிள்ளை 24,000 கடன் எடுத்தால், குடும்பம் கைப்பணமாகப் போட வேண்டியது 12,400. நான்கு ஆண்டுக்குப் பிரித்தால் மாதம் 260 வெள்ளிக்கும் குறைவு. தனியாரில் படிக்கிற பிள்ளை 40,000 கடன் எடுத்தாலும் மீதி 71,000 வெள்ளியைக் குடும்பம் தேட வேண்டும். மூன்று ஆண்டுக்குப் பிரித்தால் மாதம் 1,970 வெள்ளிக்கு மேல் வருகிறது. நாட்டின் குறைந்தபட்சச் சம்பளமே 2025 முதல் 1,700 வெள்ளிதான். ஓர் ஆள் மாதம் முழுக்க உழைத்த சம்பளத்தை அப்படியே கொண்டுபோய்க் கட்டினாலும் போதாது.

கல்லூரிக் கண்காட்சிகளில் மேசைக்குப் பின்னால் இருப்பவர் 'எல்லாம் பி.டி.பி.டி.என். பார்த்துக்கொள்ளும்' என்பார். பார்த்துக்கொள்ளாது. 2014 நவம்பரில் கடன் உச்சவரம்பு குறைக்கப்பட்டது. அரசாங்கக் கல்விக் கூடங்களுக்கு 5 விழுக்காடு, தனியாருக்கு 15 விழுக்காடு. அதற்குப் பிறகு தனியார்க் கட்டணம் குறைந்ததாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. கடனில் அடங்காத தொகை எவ்வளவு, அது எந்த மாதத்தில் யார் கையிலிருந்து வரப்போகிறது என்பதை எழுதி வைத்துக்கொண்டு பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

எந்தப் பணம், யாருடைய பணம்?

பி.டி.பி.டி.என். என்றால் சிலருக்குப் பயம், சிலருக்கு அலட்சியம். இரண்டும் வேண்டாம். 1997-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வந்த அந்தக் கழகம் இன்று வாங்குவது ஆண்டுக்கு 1 விழுக்காடு சேவைக் கட்டணம். தொடக்கத் தொகையின் மீதே கணக்கிடுகிறார்கள். 40,000 வெள்ளியை 15 ஆண்டில் கட்டுவதாக வைத்தால் கூடுதலாகக் கட்டுவது 6,000. மாதம் 255 வெள்ளியை ஒட்டி வரும். உண்மையான வட்டிக் கணக்குப் போட்டாலும் 2 விழுக்காட்டுக்குள்தான் இருக்கும். நம் ஊரில் வேறு எவரும் இந்த விலைக்குக் கடன் தர மாட்டார்கள். முதல் வகுப்பில் தேறியவர்களுக்குக் கடனை விலக்கும் ஏற்பாடும் உண்டு. யார் யாருக்கு என்ற நிபந்தனை அவ்வப்போது மாறி வந்திருப்பதால், சேரும் ஆண்டின் விதியைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இதற்கு மாறாக நம் தகப்பன்மார்கள் முதலில் கை வைப்பது ஊழியர் சேமநிதியில். 2024 மே மாதத்திலிருந்து இ.பி.எஃப். கணக்கு மூன்றாகப் பிரிந்திருக்கிறது. பிள்ளையின் படிப்புக்கு எடுக்கக் கூடியது 15 விழுக்காடு போகும் 'செஜாத்ரா' கணக்கிலிருந்து. சட்டம் அனுமதிக்கிறது என்பதற்காக எடுத்துவிடலாமா?

இ.பி.எஃப். 2024-ஆம் ஆண்டுக்கு 6.3 விழுக்காடு லாப ஈவு கொடுத்தது. ஆண்டுக்கு 6 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால் பணம் 12 ஆண்டில் இரட்டிப்பாகும். 48 வயதுத் தகப்பனார் இன்று 30,000 வெள்ளியை எடுத்தால், 60 வயதில் கையில் இருந்திருக்க வேண்டிய 60,000 வெள்ளியை எடுத்துக் கொடுக்கிறார் என்று பொருள். 1 விழுக்காட்டுக்குக் கடன் கிடைக்கும்போது 6 விழுக்காடு குட்டி போடும் பணத்தை உடைப்பது எந்த வகையில் நியாயம்? பிள்ளைப் பாசத்தில் கடன் சுமை பிள்ளைக்கு வேண்டாம் என்று நினைக்கிறார்கள். ஆனால் அந்தப் பிள்ளை வேலைக்குப் போன பிறகு, மருந்துச் செலவுக்குப் பணமில்லாத தாய் தகப்பனையும் அவர்தானே பார்க்க வேண்டும்? மாதம் 255 வெள்ளி கட்டுவது அதைவிட எளிது. ஆகவே என் கருத்து: பி.டி.பி.டி.என். முதலில், சேமநிதி கடைசியில். சொந்த வீட்டை அடகு வைப்பதும், வட்டிக்காரரிடம் போவதும் எந்தப் பட்டப்படிப்புக்கும் வேண்டாம்.

பிள்ளைகள் இன்னும் தமிழ்ப்பள்ளியில் இருக்கிறார்களா? அப்படியென்றால் எஸ்.எஸ்.பி.என். கல்விச் சேமிப்புக் கணக்கை இப்போதே திறந்துவிடுங்கள். கடனுக்கு விண்ணப்பிக்கும்போது அந்தக் கணக்கு எப்படியும் தேவைப்படும். பத்து வெள்ளி, இருபது வெள்ளி என்று போட்டாலும் பன்னிரண்டு ஆண்டில் பிளேன் டிக்கெட்டுக்கும் மடிக்கணினிக்கும் ஆகும். தோட்டங்கள் துண்டாடப்பட்ட அறுபதுகளில், சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் பால்மரம் வெட்டிய சம்பளத்திலிருந்து பங்கு வாங்கியவர்கள் நம் பாட்டன் பாட்டிமார்கள். சிறு தொகையைச் சேர்ப்பது எப்படி என்று நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

தனியாருக்குப் பணம் கொடுப்பது எப்போது தகும்?

தனியார் என்றாலே வேண்டாம் என்று நான் சொல்வதாக எண்ண வேண்டாம். தனியாரிலும் பல விலை இருக்கிறது. யூ.டி.ஏ.ஆர். இலாப நோக்கமில்லாத நிறுவனம். கட்டணம் கோலாலம்பூரின் பெரிய தனியார்ப் பல்கலைக்கழகங்களைவிட வெகுவாகக் குறைவு. கம்பாருக்கு அக்கம்பக்கமான கோப்பெங், தாப்பா, பீடோர் பிள்ளைகள் வீட்டிலிருந்தே மோட்டார் சைக்கிளிலோ காரிலோ போய் வந்தால் அறை வாடகையும் மிச்சம். கெடா பீடோங்கில் நம் சமூகத்தின் முயற்சியில் உருவான எய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் இருக்கிறது. 2001-இல் தொடங்கியது. மருத்துவம், பல் மருத்துவம், மருந்தியல் என்று யூ.பி.யூ.வில் போட்டி கடுமையாக உள்ள துறைகளுக்கு அது ஒரு வழி. எம்.ஐ.இ.டி. கல்விக் கடனும் பேராக்கில் பிறந்தவர்களுக்கான யாயாசான் பேராக் உதவியும் இருக்கின்றன. விண்ணப்பிக்காமலே 'நமக்கெல்லாம் கிடைக்காது' என்று விட்டுவிடாதீர்கள்.

தனியாருக்குப் பணம் கொடுக்கும் முன் மூன்று கேள்வி கேட்க வேண்டும். அந்தப் படிப்பை எம்.கியூ.ஏ. அங்கீகரித்திருக்கிறதா? கல்லூரியின் பெயரைப் பார்த்தால் போதாது. அந்தக் குறிப்பிட்ட படிப்பு எம்.கியூ.ஏ. பதிவேட்டில் இருக்கிறதா என்று இணையத்தில் நீங்களே பார்க்கலாம். அடுத்து, அந்தத் தொழிலுக்கென்று வாரியம் இருந்தால் வாரியத்தின் அங்கீகாரமும் உண்டா? மருத்துவத்துக்கு மலேசிய மருத்துவ மன்றம், பொறியியலுக்குப் பொறியாளர் வாரியம். மூன்றாவது, இதே படிப்பு வேறு இடத்தில் குறைந்த விலைக்குக் கிடைக்கிறதா? வணிக நிர்வாகமும் தகவல் தொழில்நுட்பமும் எல்லா இடத்திலும் இருக்கின்றன. அதற்குப் போய் ஒரு லட்சம் கொடுப்பது எனக்குப் புரியவில்லை. பிஸியோதெரபி, மருந்தியல் போன்ற படிப்பு, பிள்ளைக்கு உண்மையான நாட்டம், யூ.பி.யூ.வில் கிடைக்கவில்லை, கடனில் அடங்காத தொகையைச் சேமநிதியைத் தொடாமல் தேட முடியும். இந்த நான்கும் கூடி வந்தால் தாராளமாகக் கொடுங்கள்.

மருத்துவத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் வீட்டுப் பணம் அதிகம் போவது அங்கேதான். 2005-இல் கிரிமியா அரசு மருத்துவப் பல்கலைக்கழகத்துக்கான அங்கீகாரத்தை நம் அரசாங்கம் மீட்டுக்கொண்டபோது எழுந்த பதற்றம் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். பிள்ளையை அனுப்பியிருந்த எத்தனை குடும்பங்கள் இரவில் தூங்காமல் கிடந்தன! ஆக, முகவர் காட்டும் வண்ணக் கையேட்டை ஓரமாக வைத்துவிட்டு, மருத்துவ மன்றத்தின் பட்டியலைப் பாருங்கள். அதோடு, படித்து முடித்தால் அரசாங்க நிரந்தர வேலை நிச்சயம் என்ற காலமும் போய்விட்டது. 2016 கடைசியிலிருந்து புதிய மருத்துவர்களை ஒப்பந்த அடிப்படையில்தான் எடுக்கிறார்கள். 2021 ஜூலை 26-ஆம் நாள் ஒப்பந்த மருத்துவர்கள் நாடு முழுவதும் மருத்துவமனைக்கு வெளியே வந்து நின்று எதிர்ப்புத் தெரிவித்தார்களே, அது இதற்காகத்தான். டாக்டர் ஆக வேண்டாம் என்று யாரையும் நான் தடுக்கவில்லை. 'டாக்டராகிவிட்டால் எல்லாக் கடனையும் அடைத்துவிடலாம்' என்ற பழைய கணக்கைப் போடாதீர்கள் என்கிறேன்.

பெண் பிள்ளையை அவ்வளவு தூரம் அனுப்புவதா?

அம்மாமார்கள் என்னிடம் தனியே வந்து கேட்கும் கேள்வி இது. மகன் என்றால் சபாவுக்கு அனுப்புகிறார்கள். மகள் என்றால் யோசிக்கிறார்கள். மகள் மகனைவிட நன்றாகத் தேறியிருந்தாலும் யோசிக்கிறார்கள்.

அம்மா, உங்கள் அச்சம் எனக்குப் புரிகிறது. ஆனால் ஒன்றை ஒப்பிட்டுப் பாருங்கள். அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் முதலாண்டு மாணவிகளுக்குப் பொதுவாக வளாகத்துக்குள்ளேயே மகளிர் விடுதி கிடைக்கும். காவலர் இருப்பார், வார்டன் இருப்பார். கிள்ளான் பள்ளத்தாக்கில் தனியார் கல்லூரிக்குப் போகிற பெண், முன்பின் தெரியாத நாலு பேரோடு அடுக்குமாடி வீட்டில் அறை எடுத்து, இரவு வகுப்பு முடிந்து பஸ்ஸுக்கு நிற்கிறாள். இரண்டில் எது பாதுகாப்பு? தூரம் குறைவு என்பதால் பாதுகாப்பு கூடிவிடாது. சேரும் முன் அந்தப் பல்கலைக்கழகத்தில் படிக்கும் நம் மூத்த மாணவிகள் யாரென்று விசாரித்து, மகளை அவர்களோடு பேச வையுங்கள். பல வளாகங்களில் இந்திய மாணவர்களுக்குச் சங்கமோ கலாச்சாரக் குழுவோ இருக்கிறது. ஒரு அக்காள் கிடைத்துவிட்டால் பாதிக் கவலை தீர்ந்துவிடும்.

கேட்டது கிடைக்கவில்லை என்றால்?

இதுதான் உண்மையிலேயே சங்கடமான நிலை. பிள்ளை கேட்டது கணக்கியல். கிடைத்தது தூரத்து மாநிலத்தில் வேறு ஏதோ ஒரு துறை. அப்போது என்ன செய்வது? முதலில் மேல்முறையீடு. அதற்குத் திறந்திருக்கும் காலம் மிகக் குறைவு, சில நாட்களே. முடிவு வந்த அன்றே பிள்ளையோடு உட்கார்ந்து முடிவெடுங்கள், உறவினர்கள் எல்லாரையும் கேட்டு முடிப்பதற்குள் காலம் கடந்துவிடும். மேல்முறையீடு செய்கிறோம் என்று கிடைத்த இடத்தைக் கைவிட்டுவிடாமல், குறித்த நாளுக்குள் இணையத்தில் ஏற்பையும் தெரிவித்துவிடுங்கள்.

கிடைத்த துறை கேட்டதற்குப் பக்கத்துத் துறை என்றால் போகட்டும் என்பேன். கணக்கியல் கேட்டு நிதித்துறையோ பொருளாதாரமோ கிடைத்தால் வாழ்க்கை ஒன்றும் திசைமாறிப் போகாது. முற்றிலும் ஒவ்வாத துறை என்றால், கட்டாயப்படுத்தி அனுப்புவதிலும் இலாபமில்லை. இரண்டாம் ஆண்டில் நிறுத்திவிட்டு வந்தால் கடன் மட்டும் நிற்கும். பட்டம் இல்லாத கடன்தான் கடன்களிலேயே கொடியது.

எஸ்.பி.எம். முடித்த பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. தனியார் கல்லூரியின் அடிப்படை ஆண்டுக்குப் பத்துப் பதினைந்தாயிரம் கட்டும் முன், ஆறாம் படிவத்தை நினைத்துப் பாருங்கள். ஒன்றரை ஆண்டுதான். அரசாங்கப் பள்ளியில், ஏறக்குறையச் செலவே இல்லாமல் படிக்கலாம். கஷ்டமான தேர்வு என்று பயமுறுத்துவார்கள். 2012-லிருந்து மூன்று தவணையாகப் பிரித்து நடத்துகிறார்கள். பழைய காலம்போல் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் எழுத வேண்டியதில்லை. எஸ்.டி.பி.எம். சான்றிதழை வெளிநாட்டிலும் மதிக்கிறார்கள். கைத்தொழில் நாட்டம் உள்ள பிள்ளை என்றால் உங்கு ஓமார் பாலிடெக்னிக்கில் டிப்ளோமா. ஒரு செமஸ்டருக்குக் கட்டணம் 200 வெள்ளி. டிப்ளோமாவில் நன்றாகத் தேறினால் அதைக் கொண்டே பட்டப்படிப்புக்கும் போகலாம். இடையில் படிப்பு நின்றாலும் கையில் ஒரு தொழில் இருக்கும்.

கடைசியாக, ஒரு தகப்பனார் கேட்டதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன். மகன் இரண்டு மூன்று ஆண்டு வேலை செய்து பணம் சேர்த்துக்கொண்டு பிறகு படிக்கிறேன் என்கிறானாம். விட்டால் படிப்பு போய்விடுமா என்று கேட்டார். போய்விடக் கூடும், ஐயா. கையில் சம்பளம் பழகிவிட்டால் புத்தகம் கசக்கும். ஆனால் எல்லாருக்கும் அப்படி ஆவதில்லை. 21 வயது நிறைந்து வேலை அனுபவம் உள்ளவர்கள், எஸ்.டி.பி.எம். இல்லாவிட்டாலும், 'ஆப்பெல்' என்ற அனுபவ மதிப்பீட்டின் வழியாகப் பட்டப்படிப்பில் சேர எம்.கியூ.ஏ. இடம் வைத்திருக்கிறது. 2000-இல் தொடங்கிய மலேசியத் திறந்த பல்கலைக்கழகம் போன்றவை வேலை பார்ப்பவர்களை நினைத்தே உருவானவை. மகன் உறுதியானவன் என்றால் அவனை நம்புங்கள். அவன் பார்க்கப் போகிற வேலை, படிக்க நினைக்கிற துறையை ஒட்டியதாக இருக்கட்டும். மதிப்பீட்டுக்குப் போகும்போது கேட்பது அதைத்தான். சம்பளச் சீட்டுகளையும் முதலாளியின் கடிதத்தையும் முதல் மாதத்திலிருந்தே ஒரு கோப்பில் போட்டு வைக்கச் சொல்லுங்கள்.